மூன்று கோட் பெயிண்ட்

ஜூன் 3, திங்கள்

ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் திங்கட்கிழமை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் லாக் புக் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த டைரி. சிமெண்ட் கம்பெனிக்காரன் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறான். இன்றைக்குப் பொறுமையைப் பற்றி. அதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சம்பந்தியம்மா இந்திராணி கரூரிலிருந்து வந்தார். வீடு பார்க்க வந்தாராம். ஆறு வருடமாகப் பார்க்காத வீடா? என் மகள் அரசிக்கு ஏழாம் மாதம். இருபத்து மூன்றாம் தேதி அவர்கள் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு நான் திருச்சிக்கு அழைத்துவர வேண்டும். அதுதான் முறை. என் மனைவி லோகநாயகி போய் இரண்டு வருடம் ஆகிறது. தாய் இல்லாத வீடு தாய்வீடா என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம்.

"ராத்திரி வலி எடுத்தா யாருங்க இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க, சரி..." என்று இழுத்துவிட்டு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு மாவுப் பாக்கெட்டும் என் பி.பி. மாத்திரையும் இருந்தன. மூடிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு பின்னறைக்குப் போனார். அரசிக்கென்று ஒதுக்கிய அறை. பரணிலிருந்து இறக்கிய எங்கள் தொட்டில் அங்கே இருந்தது. நகத்தால் அதைச் சுரண்டினார். "பெயிண்ட் செதில் செதிலா உரியுதுங்க. இதுலயா புள்ளையப் போடப் போறீங்க?" அதோடு விட்டாரா? "பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டிலை எறக்கலாமுங்களா? வெறுந்தொட்டில் வீட்டுக்கு ஆகாது."

பி.எஸ்ஸி. படித்த பெண்மணி. வெறுந்தொட்டிலாம்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிறப்புக்கும் அந்தத் தொட்டிலுக்கு ஒரு கோட் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அறுபத்து நாலில் தொட்டில் செய்ததே எனக்குத்தான், பச்சை. தம்பிக்கு நீலம். தொண்ணூற்றைந்தில் அரசிக்கு ரோஸ். இந்த முறை நாலாவது கோட் கிடையாது. மூன்றையும் தேய்த்து எடுத்து, உள்ளே இருக்கிற தேக்கைக் காட்டப் போகிறேன். கரூர் வந்து பார்க்கட்டும்.

ஜூன் 5, புதன்

சாண்டிங் மெஷின் வந்துவிட்டது. கையடக்கம். அடியில் வட்டத் தட்டு, அதில் உப்புத்தாளை ஒட்டினால் தட்டு சுற்றித் தேய்க்கும். பின்னால் தூசி பிடிக்க ஒரு குட்டிப் பை. கூடவே நாற்பத்திரண்டு பக்கப் புத்தகம். உலகத்திலுள்ள பதினொரு மொழியில் எழுதியிருக்கிறான், தமிழில் இல்லை. முதல் இருபது பக்கமும் எச்சரிக்கை. கண்ணாடி போடு, மூக்கை மூடு, தொங்கும் துணி கட்டாதே. யாருக்குப் பாடம் நடத்துகிறான்?

லைன்மேன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் நான். பத்தொன்பது வருடம். "கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியுறதுக்குப் பயப்படாதே, தெரியாததுக்குப் பயப்படு" என்று ஆரம்பிப்பேன். பின் பெஞ்சில் கொட்டாவி விடுவார்கள். அந்த மடையர்களில் ஒருவன்கூட என் செக்‌ஷனில் சாகவில்லை.

பின்னறை பிளக்கின் எர்த் சரிபார்த்தேன். கசிவு ஏற்பட்டால் லைனை வெட்டும் டிரிப்பர் புதிதாகப் போட்டேன். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ரப்பர் பாயை விரித்தேன். ரப்பர் செருப்பு. ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். தாள் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நானே எழுதி நானே படிக்கிறேன், பரவாயில்லை. இதற்கு மேல் ஒருவன் என்ன பாதுகாப்பு செய்ய முடியும்?

ஜூன் 6, வியாழன்

தாள் வாங்க மெயின் ரோடு பெயிண்ட் கடைக்குப் போனேன். கல்லாவில் ரெஜினா என்று ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கேட்டதை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இல்லை.

"அறுபது நம்பர் தாள் நாப்பது" என்றேன்.

"எதைத் தேய்க்கிறீங்க சார்?"

"தொட்டில்."

"பழசா? மேல பெயிண்ட் இருக்கா? எந்த வருசத்துது?"

ஜாதகம் கேட்பது போலக் கேட்டார். சொன்னேன். உடனே கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் காலத்து எனாமல்ல ஈயம் இருக்கும் சார். மெஷின் போடாதீங்க. வாட்டர் பேப்பர் வாங்கிட்டுப் போய், தண்ணி தொட்டுக் கையால தேய்ங்க. வெளியில வச்சுத் தேய்ங்க. துணி கட்டுனா பத்தாது, ரெண்டு பக்கமும் டப்பா வச்ச மாஸ்க் வேணும்."

"ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்ச குடும்பம்மா நாங்க" என்றேன்.

"அது வெள்ளீயம் சார். இது காரீயம்." சிரிக்கக்கூட இல்லை. "வீட்ல சின்னப் புள்ளைங்க, மாசமா இருக்கிறவங்க யாராச்சும் உண்டா?"

"இல்லை" என்றேன். இன்றைய தேதியில் இல்லைதானே. வியாபாரத் தந்திரம் எனக்குத் தெரியாதா? முதலில் பயமுறுத்துவார்கள், பிறகு மாஸ்க் விற்பார்கள். நாற்பது தாளையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 8, சனி

காலை 9.10: மெஷின் ஆன்.

வாசலில் வைத்துத் தேய்க்கலாம்தான். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யோசனை சொல்ல வந்துவிடுவார். அதனால் பின்னறையிலேயே வேலை. சத்தமும் தூசியும் வெளியே போய் நாலு பேர் வாயில் விழ வேண்டாம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். வியர்வைக்கு ஃபேன்.

மெஷின் நல்ல மெஷின். அமுக்கினால் குழி விழுகிறது. ஒரே இடத்தில் நின்றால் மரம் சூடாகிறது. அதன் எடையிலேயே விட்டு, கையை ஓட்டிக்கொண்டே இருந்தால் ரோஸ் அழகாகக் கரைகிறது. தூசிப் பை மட்டும் தொந்தரவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பி மூச்சுமுட்டுகிறது. கழற்றி எறிந்துவிட்டேன்.

மதியம் 1.00: மெஷின் ஆஃப். ஒரு பக்கத்து ரோஸ் போய்விட்டது. அறை முழுக்க ரோஸ். என் புருவம்கூட.

ஜூன் 10, திங்கள்

மெஸ் சாப்பாட்டில் இரும்பு வாடை. சாம்பாரில் ஆணியைப் போட்டுக் கொதிக்க வைக்கிறானா?

ஜூன் 12, புதன்

ரோஸ் முழுக்கப் போயிற்று. நீலமும் பாதி. அடியில் பச்சை தெரிகிறது. என் பச்சை.

இன்று ஒரு சிறு சம்பவம். தோளில் கிடந்த துண்டின் முனை நழுவி, சுற்றும் தட்டில் மாட்டி, மெஷின் என் மோவாயை நோக்கி ஏறியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். காயம் இல்லை. இதை லாக் புக்கில் எழுதியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எழுதிவிட்டேன்.

அக்கா போன் செய்தாள். "குரல் ஏன் கரகரங்குது?" என்றாள். ஓய்வு பெற்றவனுக்குக் குரல் எதற்கு என்றேன். மண்டையிடி. மாத்திரை போட்டுக்கொண்டேன். கோபம் அதிகமாக வருகிறது என்றும் சொன்னாள். எனக்கு எப்போது குறைவாக வந்தது?

முறுக்கு டப்பாவை வேலை செய்யும் இடத்திலேயே வைத்துக்கொள்கிறேன். கை கழுவி வருவதற்குள் நேரம் போகிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்று ஒரு நல்ல நாள். ஆஸ்பத்திரியில் பேர் பதிய மாப்பிள்ளை காரில் அரசியை அழைத்துவந்தார். அப்படியே வீட்டுக்கும் வந்தார்கள். வயிறு நன்றாகத் தெரிகிறது. நடையும் மாறிவிட்டது. லோகா அவளைச் சுமந்தபோது நடந்தது போலவே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பின்னறைக்கு நேராகப் போனாள். கட்டிலில் உட்கார்ந்து ஃபேனைப் போட்டாள். இறக்கையிலிருந்து தூசி கொட்டியது. அடுக்கடுக்காக மூன்று தும்மல்.

"அப்பா, என்ன இது, ஹோலி கொண்டாடுனீங்களா?"

"மரவேலைன்னா தூசி இருக்கும்."

தொட்டிலைத் தடவித் தடவிப் பார்த்தாள். கையில் ஒட்டிய பச்சைப் பொடியைச் சேலையில் துடைத்தாள். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள். "அத்தை சொல்றதுலயும் ஞாயம் இருக்குப்பா. நீங்க ஒத்தையாளா எப்படிச் சமாளிப்பீங்க?" என்றாள்.

"உன் அத்தை சொல்ற ஞாயத்தைக் கரூரோட வச்சுக்கச் சொல்லு" என்றேன். முகம் வாடிவிட்டது. பிறகு, "இந்த ரூம்லதான் இருப்பேன், இங்கதான் காத்து வரும்" என்றாள். அதுதான் என் மகள்.

ஜூன் 15, சனி

வயிற்றைப் பிசைகிறது. இரண்டு நாளாக வெளிக்கும் போகவில்லை. மெஸ்ஸை மாற்ற வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடித்துப் போகிற வழியில் அந்த ரெஜினா வீட்டுக்கு வந்துவிட்டார். பில்லில் விலாசம் இருந்ததாம்.

"அறுபது நம்பர் தாள் நாப்பது வாங்குனீங்க சார். வாட்டர் பேப்பர் ஒண்ணுகூட வாங்கலை. மனசே ஆறலை. தேய்ச்சிட்டீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னுதான்."

ஊர்க் கவலையெல்லாம் இந்த அம்மாவுக்குத்தான் போலும். உள்ளே விட்டேன். பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டி என்னிடம் காட்டினார். பச்சை. கட்டிலில் புது மெத்தை, குழந்தைக்கு நான் வாங்கிய கொசுவலை, மூலையில் அரசி விட்டுப்போன ஆஸ்பத்திரிப் பை. எல்லாவற்றையும் பார்த்தார்.

"யாருமே இல்லைன்னீங்களே சார்."

நான் முறுக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

"எங்க வீட்டுக்காரரு பெயிண்டரு. பழைய கதவு ஜன்னலை வாங்கிட்டு வந்து வீட்டுக்குள்ள வச்சுத்தான் சுரண்டுவாரு. அப்ப நான் மூத்தவனை வயித்துல வச்சிருக்கேன். அவனுக்கு அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரலை சார். ரத்தத்துல ஈயம்னு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இப்ப இருபது வயசு. கடையில கூட நிப்பான். எண்ணிக் குடுக்க வராது."

அழவில்லை. விலைப்பட்டியல் வாசிப்பது போலச் சொன்னார். "இந்தத் தூசி லேசுல போகாது. கண்ணுக்குத் தெரியுறதைப் பெருக்கிடுவீங்க. தெரியாததுதான் சார் ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வகுப்பின் முதல் வரி. என் வீட்டில் நின்று எனக்கே சொல்கிறார்.

ஜூன் 17, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

தொட்டிலைப் பாலிதீனில் சுற்றி மொட்டைமாடி ஷெட்டில் போட்டேன். மெத்தையையும் கொசுவலையையும் கட்டி எறிந்தேன். பின்னறையை ஈரத்துணியால் துடைத்தேன். வாளித் தண்ணீர் ரோஸாக வந்தது. மாற்றி மறுபடி துடைத்தேன். ரோஸ். மூன்றாம் வாளி, ரோஸ். ஹாலைத் துடைத்தேன். அங்கேயும் அதேதான். சமையலறை அலமாரியில் பருப்பு டப்பா மூடிமேல் நீலம்.

இருபத்து மூன்றுக்கு இன்னும் ஐந்து நாள். ஐந்து நாளில் துடைத்துவிடலாம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரசியை முன்னறையில் தங்க வைத்தால் போயிற்று. இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். "லைன்ல கரண்ட் இருக்காது சார், ஏறிடறேன்" என்று சொன்ன ஒவ்வொரு மடையனும் இப்படித்தான் பேசினான். அவர்களைக் கழுத்தைப் பிடித்துக் கம்பத்திலிருந்து இறக்கியவன் நான்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அரசிக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் கரூரில் மழையா என்று கேட்டேன்.

ஜூன் 22, சனி

ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பேட்டரி கம்பெனியில வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். தொட்டிலைச் சொன்னேன். வயிற்றுவலி, மண்டையிடி, வாயில் இரும்பு வாடை எல்லாம் அதனால்தானாம். தூசியை விட்டு விலகினால் மெல்ல இறங்குமாம். "உங்க பொண்ணு அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது. அவங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க" என்றார்.

மெஸ்காரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் சாம்பார் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனாலும்.

நாளைக்குக் கரூர். கார் போன வாரமே பேசியாயிற்று. போகும்போது காலி சீட்டு, வரும்போது அவள் உட்கார்ந்து வர வேண்டும் என்று சொல்லித்தான் பேசினேன்.

ஜூன் 23, ஞாயிறு

எழுதியே தீர வேண்டும்.

அரசி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வளையல். வந்த பெண்கள் எல்லாரும் சந்தனம் பூசி, ஆளுக்கு இரண்டு போட்டார்கள். என் அக்கா லோகாவின் இடத்தில் நின்று முதலில் போட்டாள். அரசி என்னைப் பார்த்துக் கையை ஆட்டிச் சத்தம் எழுப்பிக் காட்டினாள். நான் கூடத்தில் நிற்க முடியாமல் பின்பக்கம் போனேன்.

சம்பந்தியம்மா அங்கே புளிசாதத்தை எங்களுக்காகத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அரசியை நான் கூட்டிட்டுப் போகலைங்க" என்றேன்.

கரண்டி நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், சாத்திய ஜன்னல், கழற்றிய பை, கடைக்காரம்மா கேட்டதற்குச் சொன்ன பொய், என் ரத்தம். வகுப்பில் விபத்து அறிக்கை வாசிப்பது போல வாசித்தேன்.

"அவ அந்த ரூமுல எவ்வளவு நேரம் இருந்தா?"

"அரை மணி."

"ஏதாச்சும் தின்னாளா?"

"முறுக்கு."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "ஈ.பி. ஆபீசரு, வெவரமானவருன்னு சொல்லித்தானுங்க உங்க வீட்ல பொண்ணு எடுத்தோம்" என்றார். "வெறுந்தொட்டில் ஆகாதுன்னா என்னைய மட்டும் பட்டிக்காடு மாதிரி பாத்தீங்க."

அடித்திருக்கலாம். தாங்கியிருப்பேன்.

கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. அக்கா, "நல்ல நேரம் முடியப்போவுது, கெளம்பலாமா?" என்றாள்.

"மருமகளை நான் அனுப்பறதா இல்லைங்க" என்றார் சம்பந்தியம்மா. கூடம் முழுக்கக் கேட்டது. "பொம்பளை இல்லாத வீட்டுக்கு எந்த நம்பிக்கையில அனுப்பறது? பிரசவம் இங்கதான்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் கொதித்துவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பாத மாமியார் எந்த ஊரில் உண்டு என்று அக்கா கேட்டாள். பெண்டாட்டியை இழந்த மனுசனை இப்படியா அவமானப்படுத்துவது என்று ஒருத்தி. அந்த அம்மா ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு, இடித்த புளி மாதிரி நின்றார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பாவம் என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ கோழைகளுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

கிளம்புமுன் அரசியைத் தனியாகக் கூப்பிட்டு, அவளிடம் மட்டும் சொன்னேன். வளையல் கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நீங்க மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். வாசலில் காருக்குள் புளிசாதத் தூக்கை வைத்த சம்பந்தியம்மாவிடம், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்குப் பொல்லாத மாமியான்னு பேரு ஏற்கெனவே இருக்குதுங்க. இன்னொண்ணு சேந்தா தேஞ்சா போயிருவேன்?" என்றார். "அவ நாளைக்குப் பெத்து எந்திரிச்சு உங்க மூஞ்சியப் பாக்க வேணாமா?"

காலி சீட்டோடு திரும்பி வந்தேன்.

ஜூன் 27, வியாழன்

மாலை 4.40: மாப்பிள்ளை போன். அரசியின் ரத்தத்தில் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லையாம். அடுத்த மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதுமாம்.

4.41: உட்கார்ந்தேன்.

5.30: எழுந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அடப்பாவி, இதை அங்கயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? அந்த அம்மாவைப் பத்தி மணப்பாறை வரைக்கும் சொல்லிட்டேனே" என்றாள். மணப்பாறை வரைக்கும் திரும்பச் சொல் என்றேன். நான் செய்தது என்று என் பேரைச் சொல்லியே சொல் என்றேன்.

ரெஜினா கடைக்கும் போனேன். டப்பா வைத்த மாஸ்க் ஒன்று கேட்டேன். அவர் மகன்தான் எடுத்துவந்து என் முகத்தில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தான். "மூச்சு விடுங்க" என்றான். விட்டேன். "ம்" என்று தலையாட்டினான். நல்ல பையன். அவன் முகத்தை நேராகப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜூலை 2, செவ்வாய்

துடைப்பு, பதினைந்தாம் நாள். வாளித் தண்ணீர் இன்றுதான் தண்ணீர் நிறத்தில் வந்தது. நம்பவில்லை. நாளைக்கும் துடைப்பேன்.

சம்பந்தியம்மா போன். "தொட்டில்தான் போச்சு. தூளி கட்டறதுக்கு உங்க சம்சாரத்தோட பழைய நூல் சேலை ஒண்ணு அனுப்புங்க. தாய்வீட்டுச் சேலைதான் வேணும்" என்றார். கேட்கவில்லை, உத்தரவு போட்டார்.

லோகாவின் பீரோவை இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. முன்னறையில் பூட்டியபடியே இருந்ததால் அதற்குள் மட்டும் தூசி போகவில்லை. ஊதா நிறச் சுங்குடி ஒன்றை எடுத்தேன். பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் அவள் வாசனை இருந்தது. ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அந்த வீட்டுத் தண்ணீரில் மூன்று முறை துவைத்து, அந்த வீட்டு மாடியில் காயவைத்து, அங்கிருந்தே கூரியரில் போட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

கரூரிலிருந்து போன்.

"சேலை வந்துச்சுங்க."

"மூணு தடவை துவைச்சிருக்கேன்."

"பாத்தேன். நான் இன்னும் ரெண்டு தடவை துவைச்சுட்டேன். உங்களையெல்லாம் நம்ப முடியாதுங்க."

எனக்கு இந்த அம்மாவைக் கண்டால் ஆகாது. பேரப்பிள்ளை பிறந்தால் அவர் கையிலேயே இருக்கட்டும்.